குழந்தைப் பாக்கியம் தாமதமாகும்போது

என் சாச்சியின் அலுமாரியில், கல்யாணச் சாரிகளுக்கு அடியில், ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் திகதி வாரியாக அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குத் திருமணமாகி ஏழு வருடங்கள். முதல் நான்கு வருடத் தாள்கள் அத்தனையிலும் ஒரே பெயர்தான் உண்டு. அது சாச்சியின் பெயர். சாச்சாவின் பெயர் எழுதப்பட்ட முதல் தாள் ஐந்தாம் வருடத்தில்தான் வருகிறது.

கடந்த டிசம்பர் விடுமுறையில் அக்குறணைக்குப் போயிருந்தபோது, "நீ பயோ தானே படிக்கிற, இதில என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லு மகள்" என்று சாச்சி அந்தக் கோப்பை என் மடியில் வைத்தார். எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. விளங்காதவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, எங்கள் உயிரியல் ஆசிரியையிடமும் உறவினரான ஒரு பெண் வைத்தியரிடமும் கேட்டேன், வாசித்தேன். அப்படி அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன். கல்யாணமாகாத ஒரு மாணவி இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படி யோசித்தேன். சாச்சியும் சாச்சாவும், "எழுது, பேரை மட்டும் போடாத" என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒரு தம்பதியருக்கு எப்போது வைத்திய ஆலோசனை தேவை என்பதைப் பார்ப்போம். குடும்பக் கட்டுப்பாடு எதுவும் இன்றி ஒன்றாக வாழ்ந்தும் 12 மாதங்கள் கருத்தரிக்காவிட்டால் அதை மகப்பேறின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதங்களிலேயே வைத்தியரை நாட வேண்டும். 100 தம்பதியரில் ஏறத்தாழ 85 பேர் முதல் வருடத்துக்குள் கருத்தரிப்பார்கள். மீதியுள்ளோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரண்டாம் வருடத்தில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பாக்கியம் கிடைக்கும். ஆகவே கல்யாணம் முடிந்து மூன்று மாதத்திலேயே "இன்னம் ஒண்டும் இல்லயா?" என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானத்தின் ஆதரவு கிடையாது. அதேவேளை இது அரிதான பிரச்சினையும் அல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இதைச் சந்திக்கிறார் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஒரு கல்யாண வீட்டுச் சபையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கேள்வி எத்தனை பேரின் நெஞ்சில் தைக்கிறது என்பதும் தெரியும்.

சாதாரண தரத்தில் நாம் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். மாதம் ஒருமுறை சூலகத்திலிருந்து ஒரு முட்டை வெளியேற வேண்டும். அது பலோப்பியன் குழாய்க்குள் வர வேண்டும். விந்தணுக்கள் கருப்பையைக் கடந்து அதே குழாய்க்குள் போய்ச் சேர வேண்டும். கருக்கட்டல் நடப்பது அங்கேதான். முட்டை வெளியேறிய பின் ஏறத்தாழ ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும். கருக்கட்டிய நுகம் பிரிந்து பிரிந்து, ஒரு வாரமளவில் கருப்பைச் சுவரில் பதிய வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காரியம் நடக்காது. இதில் கணவனுடைய பங்கும் இருக்கிறது, மனைவியுடைய பங்கும் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தம்பதியரில் குறை ஆணிடம் மட்டும் காணப்படுகிறது. இருவரிடமும் குறை உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தால், பாதியளவு தம்பதியரில் ஆணின் காரணமும் உண்டு.

இந்த விடயம் நம் வீடுகளுக்குள் வருவதே இல்லை. சாச்சிக்கு உம்மம்மா ஓதிய தண்ணீர் கொடுத்தார். ஒருவர் கஷாயம் சொன்னார். இன்னொருவர், "டி.என்.சி. செஞ்சா கர்ப்பப்பை சுத்தமாகும், பிள்ளை தங்கும்" என்றார். அதையும் ஓரிடத்தில் செய்துவிட்டார்கள். கருப்பை சுரண்டுவது பிள்ளைப்பேறின்மைக்கான சிகிச்சையே அல்ல. தேவையில்லாமல் செய்தால் உட்சுவரில் தழும்பு ஏற்படும் ஆபத்தும் உண்டு. பிறகு இன்னோர் இடத்தில் முட்டை வளர்வதற்கான மாத்திரைகளைப் பதினொரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கிடையில் முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்ததற்கு ஒரு தாளும் கோப்பில் இல்லை. "உங்கட ஹஸ்பண்ட் எங்க?" என்று யாரும் கேட்கவும் இல்லை. நான்காம் வருட முடிவில், உறவினர் ஒருவர் சாச்சாவின் உம்மாவிடம் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்ததாகவும், அன்றிரவு முழுவதும் சாச்சி தஹஜ்ஜுத் தொழுத விரிப்பிலேயே இருந்ததாகவும் என் உம்மா சொன்னார். குறை யாரிடம் என்று ஒரு தடவையேனும் பார்க்காமல் எடுக்கப்பட்ட பேச்சு அது.

ஐந்தாம் வருடம் போன வைத்தியர், கோப்பைத் திறக்குமுன் கேட்ட முதல் கேள்வியே, "கணவர் வரவில்லையா?" என்பதுதானாம்.

ஆணுக்கான முதற் பரிசோதனை விந்துப் பரிசோதனை. பெண்ணுக்குச் செய்யப்படுபவற்றோடு ஒப்பிட்டால் இது மிக இலகுவானது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பின் ஒரு மாதிரியைக் கொடுக்க வேண்டும். அது ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கைநூலின்படி, ஒரு மில்லிலீற்றரில் குறைந்தது 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள், அவற்றில் 42 சதவீதமாவது அசைவுடையவை, 4 சதவீதமாவது சரியான வடிவமுடையவை என்பன கீழ் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. நூற்றில் நான்கு போதுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போதும். இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பிள்ளையே பிறக்காது என்றும் அர்த்தமில்லை.

சாச்சாவின் அறிக்கையில் ஒரு மில்லிலீற்றருக்கு 30 இலட்சம் என்றிருந்தது. ஒரு தடவை குறைவாக வந்தால் அதை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுப்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். அந்த மூன்று மாதங்களும் சாச்சா யாருடனும் சரியாகப் பேசவில்லை. "ஆம்பிளைக்கு இப்படி ஒரு பேப்பர் கையில வந்தா எப்படியிருக்கும் தெரியுமா?" என்று பின்னொரு நாள் என் வாப்பாவிடம் சொன்னாராம். இதே போன்ற பேப்பர்களை நான்கு வருடமாகச் சாச்சி கையில் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதை அப்போது யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆணின் குறைக்குக் காரணங்கள் பல. விதைப்பையின் நாளங்கள் வீங்கியிருப்பது, ஹோர்மோன் குறைபாடு, கட்டுப்பாடில்லாத நீரிழிவு, புகைத்தல், அதிக உடற்பருமன், பிறப்பிலேயே உள்ள மரபணுக் காரணங்கள் ஆகியவை முக்கியமானவை. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பநிலை வேண்டும். போறணைக்கு முன்னால் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு வெப்பமும் ஒரு காரணமாகலாம். சாச்சா வெளிநாட்டில் ஆறு வருடம் பேக்கரியில் நின்றவர், அங்கேதான் சிகரட்டையும் பழகியவர். அவருக்கு நாள வீக்கமும் இருந்தது. சிகரட்டை விட்டார். சத்திரசிகிச்சையும் செய்தார்கள். ஆறு மாதங்களின் பின் எண்ணிக்கை ஒரு கோடிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

பெண்ணின் பக்கத்தில் முதலில் பார்ப்பது முட்டை மாதாமாதம் வெளியேறுகிறதா என்பதையே. மாதவிடாய் ஒழுங்காக 26 முதல் 32 நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் வெளியேறுகிறது. உறுதிப்படுத்த, 28 நாள் சக்கரத்தில் 21ஆம் நாளளவில் இரத்தத்தில் புரோஜெஸ்தரோனைப் பார்ப்பார்கள். தைரொயிட், புரோலக்டின் அளவுகளும் பார்க்கப்படும். பிறகு குழாய்கள். கருப்பைக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போது, சாயம் இரு குழாய்களின் நுனியாலும் வழிந்தால் பாதை திறந்திருக்கிறது. அடைப்புக்குப் பழைய தொற்றுகள், காசநோய், கருப்பை உட்சுவர் போன்ற இழையம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை காரணமாகலாம். மாதவிடாய்க் காலத்தில் பாடசாலைக்கே வரமுடியாத அளவு வலி மாதாமாதம் வந்தால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் இப்போதே வைத்தியரிடம் காட்டுங்கள் தோழிகளே. அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்க இடமுண்டு.

எம் வயதினருக்கு நேரடியாகத் தொடர்புடைய இன்னொன்று, ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். உண்மையில் அவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கி இடைவழியில் நின்றுபோன முட்டைப் புடைப்புகள்தான் ஸ்கேனில் மணிமாலை போலத் தெரிகின்றன. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, முகத்தில் முடி வளர்வது, அதிக பரு, உடல் எடை கூடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். எடை கூடியவர்கள் தம் எடையில் 5 முதல் 10 சதவீதத்தைக் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியேறுவது சீராகிவிடும். 70 கிலோ உள்ள ஒருவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோதான். இது இருந்தால் பிள்ளையே கிடையாது என்று பெண் பார்க்க வருபவர்கள் பேசுவது பிழை. சிகிச்சைக்கு நன்றாக இணங்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணுக்கு விந்தணு புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். பெண்ணோ பிறக்கும்போதே 10 முதல் 20 இலட்சம் வரையான முட்டைகளோடு பிறக்கிறாள். பருவமடையும்போது மூன்று நான்கு இலட்சம் மிஞ்சும். அவற்றில் ஏறத்தாழ 400 தான் வாழ்நாளில் வெளியேறும். 35க்குப் பிறகு எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. அதனால்தான் சாச்சியின் நான்கு வருடங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சிகிச்சைகளுக்குப் போகுமுன் கண்டியில் வாழும் நாம் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கொத்தில் 'மலட்டு மாத்திரை' கலந்திருக்கிறது என்ற கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில், வேறொரு சம்பவத்தின் பின்னணியில், திகனையில் தொடங்கிய வன்முறை எங்கள் மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. நான் அப்போது ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரடங்கு, பூட்டிய பாடசாலை, கதவுக்குப் பின்னால் வாப்பா வைத்த மேசை எல்லாம் ஞாபகத்தில் இருக்கின்றன. கொத்தில் இருந்தது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை சொன்னது. உணவில் ஒரு தடவை கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லை. அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் தாய்மார்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டபோதும், அதற்கு ஆதாரம் இல்லை என்றே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது.

ஆனால் வதந்தி ஒரு பக்கத்தாருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. தடுப்பூசி போட்டால் பிள்ளை கிடைக்காது என்று நம் வீடுகளிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை நேரெதிரானது. பருவமடைந்த ஆண்களுக்குக் கூகைக்கட்டு வந்தால் அது விதைகளைத் தாக்கி விந்தணு உற்பத்தியைக் கெடுக்கலாம். குழந்தைகளுக்கு 2011 முதல் இலங்கையில் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசி அதைத் தடுக்கிறது. கொத்துக் கதையை நம்பியவர்களைப் பார்த்துத் தலையாட்டிய நாம், ஊசிக் கதையை நம்பலாமா?

இனிச் சிகிச்சைகள். பிள்ளை இல்லை என்றவுடன் பலருக்கும் பரிசோதனைக் குழாய்க் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது ஏணியின் மேற்படி. பெரும்பாலானோர் கீழ்ப்படிகளிலேயே பயன் பெறுகிறார்கள். தைரொயிட் குறைவுக்கு மாத்திரை எடுத்ததாலேயே கருத்தரித்தவர்களும் உண்டு.

முட்டை வெளியேறாதவர்களுக்கு மாத்திரை கொடுக்கப்படும். குளோமிபீன் பல காலமாகப் பாவனையில் உள்ளது. இப்போது பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு லெட்ரோசோல் முதலில் கொடுக்கப்படுகிறது. 750 பெண்களிடம் செய்யப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், குளோமிபீன் எடுத்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் பெட்டிக்குள் இருக்கும் துண்டை வாசித்துப் பயந்துவிடாதீர்கள். அது மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து என்பதால் அதில் அப்படி எழுதியிருக்கும். இங்கே மாதத்தில் ஐந்து நாட்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்த மாத்திரைகளை எடுக்கும்போது புடைப்பு வளர்கிறதா, எத்தனை வளர்கின்றன என்று ஸ்கேனில் பார்ப்பது நல்லது. கணவனின் பரிசோதனை முடியாமல் இவற்றை மாதக்கணக்கில் விழுங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்த படி, கணவனின் விந்தை ஆய்வுகூடத்தில் கழுவி, நன்றாக அசையும் விந்தணுக்களை மட்டும் பிரித்து, முட்டை வெளியேறும் நாளில் மெல்லிய குழாய் மூலம் மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவது. ஐ.யூ.ஐ. என்பார்கள். சில நிமிட வேலை, மயக்கம் தேவையில்லை. குழாய் திறந்திருக்க வேண்டும், விந்தணு எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கக் கூடாது. ஒரு தடவையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பலன் கிடைக்கும் என்பதால் சில தடவைகள் செய்வது வழக்கம். சாச்சிக்கு இரண்டு தடவை செய்தார்கள். இரண்டு தடவையும் பதினான்கு நாள் காத்திருந்து, பதினைந்தாம் நாள் சமையலறைக் கதவை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்கு மேலே ஐ.வி.எஃப். என்ற பரிசோதனைக் குழாய் முறை. இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் 1978 ஜூலை 25ஆம் திகதி பிறந்த லூயிஸ் பிரவுண்தான் இம்முறையில் பிறந்த முதற் குழந்தை. அவருடைய தாயாருக்குப் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்பது வருடம் முயன்றவர்கள் அவர்கள். விஞ்ஞானி ரொபர்ட் எட்வர்ட்ஸ், வைத்தியர் பற்றிக் ஸ்டெப்டோ, தாதியாகப் பயின்று ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்ற ஜீன் பர்டி ஆகிய மூவரும் இதற்காகப் பத்தாண்டுகள் உழைத்தார்கள். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். ஜீன் பர்டியின் பெயர் நெடுநாள் சொல்லப்படவே இல்லை என்பது எனக்கு வருத்தம். லூயிஸ் பிறந்து 70 நாட்களில் கொல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதிகாரிகள் அவரை நம்பவில்லை, விசாரித்து அவமதித்தார்கள். 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கீகாரம் அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகே வந்தது. சென்னையில் 1990இல் தென்னிந்தியாவின் முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் வைத்தியர் கமலா செல்வராஜ். நடிகர் ஜெமினி கணேசனின் மகள் என்றால் நம் உம்மாமாருக்கு உடனே விளங்கும்.

பெயரில் குழாய் இருந்தாலும் குழந்தை வளர்வது குழாயில் அல்ல. மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி மருந்து கொடுத்துப் பல முட்டைகளை வளர்ப்பார்கள். மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் அவற்றை எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் கணவனின் விந்தணுக்களோடு ஒரு தட்டில் சேர்த்து வைப்பார்கள். 3 முதல் 5 நாள் வளர்ந்த முளையத்தைக் கருப்பைக்குள் வைப்பார்கள். மிச்சமுள்ள ஒன்பது மாதமும் தாயின் வயிற்றில்தான். சாச்சாவைப் போல விந்தணு குறைந்தவர்களுக்கு, ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி என்ற முறை உண்டு. பிரசல்ஸ் நகரில் செய்யப்பட்ட இம்முறையால் பிறந்த முதற் குழந்தைகள் பற்றிய செய்தி 1992இல் வெளியானது. விந்தில் ஒன்றுமே இல்லாத சிலருக்கும் விதையிலிருந்து நேரே எடுத்து இதைச் செய்ய முடிகிறது. உலகில் இதுவரை 1 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் இவ்வழிகளில் பிறந்திருக்கிறார்கள்.

ஆனால் உறுதிமொழி எதுவும் கிடையாது. 35 வயதுக்குக் கீழ் ஒரு முளையம் வைத்தால் மூன்றில் ஒரு பங்களவுதான் வாய்ப்பு. நாற்பதுகளின் நடுவில் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஊசிகளால் சூலகம் அளவுக்கு மீறி வீங்கி ஆஸ்பத்திரியில் தங்க நேர்வதும் உண்டு. இரண்டு மூன்று முளையங்களை வைத்தால் இரட்டை, மும்மைக் கர்ப்பங்களும் குறைமாதப் பிறப்பும் கூடும். "நிச்சயம் பிள்ளை" என்று விளம்பரம் செய்யும் இடத்தை நம்பாதீர்கள்.

மார்க்கம் இதை அனுமதிக்கிறதா என்பதுதான் சாச்சியின் முதற் கேள்வியாக இருந்தது. லூயிஸ் பிறந்து இரண்டு வருடத்துக்குள், 1980 மார்ச்சில், எகிப்தின் அறிஞர் ஜாதுல் ஹக் அலி ஜாதுல் ஹக் அவர்கள் இது பற்றி ஃபத்வா வழங்கினார்கள். 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஏழு வழிமுறைகளை ஆராய்ந்து, ஐந்தை ஹராம் என்றும் இரண்டைத் தேவையின்போது ஆகும் என்றும் தீர்மானித்தது. ஆகுமானவை இரண்டு: கணவனின் விந்தை மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவது ஒன்று, இருவரின் விந்தையும் முட்டையையும் வெளியே கருக்கட்ட வைத்து அதே மனைவியின் கருப்பையில் வைப்பது மற்றது. பிறர் விந்து, பிறர் முட்டை, வாடகைத் தாய், அந்தக் கணவனின் மற்றொரு மனைவியின் கருப்பையில் வைப்பது என்பன கூடா. திருமண பந்தம் நிலைத்திருக்கும்போதுதான் இது ஆகும். மாதிரிகள் மாறிவிடாதபடி முழுக் கவனமும் வேண்டும். ஆகவே கிளினிக்கில் ஒப்பமிடும் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. மிஞ்சும் முளையங்களை என்ன செய்வது என்ற கேள்வி அதில் இருக்கும். அதை முன்கூட்டியே ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

சிகிச்சை செய்வது தவக்குலுக்கு மாறானது என்று உம்மம்மா முதலில் சொன்னார். ஸகரிய்யா நபி அவர்கள் முதுமையிலும் துஆவை விடவில்லை என்பதை நாமெல்லாம் ஓதுகிறோம். மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்ன ஹதீஸும் உண்டு. துஆவோடு கிளினிக்குக்கும் போகலாம் என்று ஹஸ்ரத் ஒருவர் விளக்கியதும் உம்மம்மா ஓதிய தண்ணீர்ப் போத்தலைச் சாச்சியின் கிளினிக் பையிலேயே வைத்துவிட்டார்! ஆண் மக்களையும் பெண் மக்களையும் கொடுப்பவனும், சிலரைப் பிள்ளையில்லாதவர்களாக ஆக்குபவனும் அல்லாஹ்தான் என்று சூரா அஷ்ஷூரா சொல்கிறது. அது குற்றப் பட்டியல் அல்ல. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஹதீஸ்களை அறிவித்த அவர்களை உம்முல் முஃமினீன் என்றே உம்மத் அழைக்கிறது. நம் கல்யாண வீடுகளில் பிள்ளையில்லாத பெண்ணை ஒதுக்கி வைப்பவர்கள் எந்த சுன்னாவைப் பின்பற்றுகிறார்களோ தெரியவில்லை.

எங்கே தொடங்குவது? அருகிலுள்ள எம்.ஓ.எச். காரியாலயத்திலேயே தொடங்கலாம். புதுமணத் தம்பதியர் பெயரைப் பதியும்போது மிட்வைஃப் மிஸ் ஃபோலிக் அமில மாத்திரை தருவார், ரூபெல்லா ஊசி போடப்பட்டதா என்று பார்ப்பார். வருடம் கடந்தும் பிள்ளை இல்லாவிட்டால் விசேட வைத்தியரிடம் அனுப்பவும் அவரால் முடியும். கண்டி, பேராதனை அரச வைத்தியசாலைகளில் பெண்நோயியல் விசேட வைத்திய நிபுணர்கள், அதாவது நாம் வி.ஓ.ஜி. என்பவர்கள், இருக்கிறார்கள். அரச கிளினிக்கில் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. வரிசைதான் நீளம். ஐ.வி.எஃப்., இக்சி போன்றவற்றுக்கு நம் பகுதியினர் பலர் கொழும்பில் தனியார் நிலையங்களுக்கே போகிறார்கள். அதற்குப் பல இலட்சம் ரூபா வேண்டும். பெண் வைத்தியரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கிடைக்காதபோது தேவைக்காக ஆண் வைத்தியரிடம் காட்டவும் மார்க்கத்தில் இடமுண்டு. எங்கே போனாலும் முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள். இதை மகள்மாரைப் பெற்றவர்களைவிட மகன்மாரைப் பெற்றவர்களுக்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லா வழியும் முடிந்தாலும் ஒரு வழி உண்டு. பெற்றோரின் பெயரை மாற்றாமல், ஓர் அநாதைப் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பது. இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு, நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு மஹ்ரம் பிரச்சினையும் தீரும். பிரசவிக்காத பெண்களுக்கும் மருந்தாலும் பயிற்சியாலும் பால் சுரக்கச் செய்ய முடிகிறது என்று அறிந்தபோது நான் வியந்தேன். சாச்சியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, "அந்தப் பால் கொடுக்கிறதைப் பத்தி எங்க வாசிச்ச?" என்று கேட்டார்.

இப்போது அவர்கள் இக்சிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாச்சிக்கு முப்பத்தொரு வயது. கோப்பு தடித்துவிட்டதால் சாச்சா கட்டுகஸ்தோட்டையில் புதிதாக ஒன்று வாங்கி, தாள்களைப் பிரித்து அடுக்கினார். அட்டையில் இருவருடைய பெயரையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அடுத்த கிளினிக் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோப்பை அவரே தூக்கிக்கொள்வாராம்.